இருபது சிறுவரும் ஒரு தளபதியும்

திருவிழாக் கூட்டம். தேர் நகர்கிறது. நெரிசலில் ஒரு குழந்தை தாயைத் தவறவிட்டு அழுகிறது. அப்போது சீருடை அணிந்த ஒரு பையன் ஓடி வருகிறான். கழுத்தில் வண்ணத்துணி கட்டியிருக்கிறான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாயைத் தேடிப் போகிறான். தண்ணீர்ப் பந்தலில் இன்னொரு பையன் வயதானவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கிறான்.

இந்தப் பிள்ளைகளுக்குச் சாரணர் என்று பெயர். சம்பளம் கிடையாது. பரிசும் கிடையாது. தினமும் ஒரு நல்ல காரியமாவது செய்ய வேண்டும் என்பது இவர்களுக்கு உள்ள கட்டளை.

இந்தக் கட்டளையைப் போட்டவர் சாமியார் அல்ல. பள்ளிக்கூட உபாத்தியாயரும் அல்ல. அவர் ஒரு போர்த் தளபதி! கத்தியும் துப்பாக்கியும் பிடித்த கை, கடைசியில் கூடாரக் கயிற்றையும் சமையல் கரண்டியையும் பிடித்தது. அவர்தான் பேடன் பவல்.

தகப்பன் இல்லாத பிள்ளை

லண்டன் நகரில் 1857-ம் ஆண்டு பிப்ரவரி 22-ந் தேதி அவர் பிறந்தார். ராபர்ட் என்று பெயர் வைத்தார்கள். தகப்பனார் ஒரு பாதிரியார். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராகவும் இருந்தார். பையனுக்கு மூன்று வயதானபோது அவர் காலமாகிவிட்டார்.

வீடு நிறையக் குழந்தைகள். தாயார் ஹென்றியட்டா கிரேஸ் மனம் தளரவில்லை. பிள்ளைகளைத் தனியாகவே வளர்த்து ஆளாக்கினார். தம் வாழ்வில் உண்டான எல்லா நன்மைக்கும் தாயாரே காரணம் என்று பேடன் பவல் கடைசிவரை சொல்லி வந்தார்.

சார்ட்டர் ஹவுஸ் என்ற பள்ளியில் அவர் படித்தார். பாடத்தில் முதல் மாணவர் என்று சொல்ல முடியாது. நடிப்பார், பாடுவார், படம் வரைவார். இரண்டு கையாலும் வரைவார்!

பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு சிறு காடு இருந்தது. மாணவர்கள் அங்கே போகக்கூடாது என்பது விதி. ராபர்ட் போனார். சருகு மிதிபடும் ஓசை கேட்காமல் நடக்கப் பழகினார். கண்ணி வைத்து முயல் பிடித்தார். புகை எழுந்தால் ஆசிரியர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் அல்லவா? அதனால் புகையே வராதபடி சிறு தீ மூட்டிச் சமைக்கக் கற்றுக்கொண்டார். வகுப்பில் படித்ததைவிட அந்தக் காட்டில் படித்ததுதான் பிற்காலத்தில் அவருக்குக் கைகொடுத்தது.

இந்தியாவுக்கு வந்தார்

ஆக்ஸ்போர்டில் சேர அவர் முயன்றார். இடம் கிடைக்கவில்லை. ராணுவப் பரீட்சை எழுதினார். அதில் சிறப்பாகத் தேறினார். 1876-ம் ஆண்டு குதிரைப்படை அதிகாரியாக இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு 19 வயது. லக்னோவில் வேலை.

அந்தக் காலத்து வெள்ளைக்கார அதிகாரிகளைப் போல அவரும் வேட்டைக்குப் போனார். குதிரைமேல் இருந்துகொண்டு ஈட்டியால் காட்டுப்பன்றியைக் குத்தும் விளையாட்டில் கோப்பையும் வாங்கினார். ஆனால் மிருகத்தைக் கொல்வதைவிட அது போன தடத்தைக் கண்டுபிடிப்பதுதான் அவருக்குப் பெரிய இன்பமாக இருந்தது. புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, மண்ணில் பதிந்த கால் எவ்வளவு ஆழம், பறவை ஏன் திடீரென்று எழும்பிப் பறக்கிறது என்று ஒவ்வொன்றையும் பார்த்தார்.

பிறகு ஆப்பிரிக்காவில் பல போர்களுக்குப் போனார். இரவில் தனியாகக் குன்றுகளில் ஏறி எதிரியின் இருப்பிடத்தை உளவு பார்த்து வருவார். தூங்காத ஓநாய் என்று ஆப்பிரிக்க மக்கள் அவருக்குப் பெயர் வைத்ததாகச் சொல்வார்கள்.

மறுபடியும் இந்தியாவுக்கு வந்து ஒரு குதிரைப்படைப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். அதிகாரி சொன்னதைச் செய்ய மட்டும் தெரிந்த சிப்பாய், தனியாக விடப்பட்டால் திகைத்துப்போகிறான் என்பதை அவர் கண்டார். ஆகவே சிப்பாய்களைச் சிறுசிறு குழுக்களாகப் பிரித்தார். பார்க்கவும், யோசிக்கவும், தாமாக முடிவு செய்யவும் பழக்கினார். அந்தப் பயிற்சியைப் பற்றி ஒரு சிறு புத்தகமும் எழுதினார். அது 1899-ல் வெளிவந்தது.

217 நாள் முற்றுகை

அதே ஆண்டு தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலேயருக்கும் போயர்களுக்கும் போர் மூண்டது. மாபெகிங் என்ற சிறு ஊரைக் காக்கும் பொறுப்பு பேடன் பவலுக்கு வந்தது. போயர்கள் ஆயிரக்கணக்கில் வந்து ஊரை வளைத்துக்கொண்டார்கள். உள்ளே இருந்த படை மிகச் சிறியது.

என்ன செய்வது? தந்திரம்தான் வழி! கண்ணிவெடி புதைப்பதுபோல் மண்ணைத் தோண்டிப் பெட்டிகளைப் புதைக்கச் செய்தார். பெட்டிக்குள் வெடி இல்லை. முள்கம்பி இல்லாத இடத்தில், கம்பியைத் தாண்டுவதுபோல் காலைத் தூக்கி வைத்து நடக்கும்படி வீரர்களுக்கு உத்தரவு போட்டார். தூரத்திலிருந்து பார்த்த எதிரிகள் ஏமாந்தார்கள்.

ஆள் போதவில்லை. அப்போது ஊர்ச் சிறுவர்களை ஒரு படையாகச் சேர்த்தார்கள். கடிதம் கொண்டுபோவது, காவல் பார்ப்பது, ஆஸ்பத்திரியில் உதவுவது அவர்கள் வேலை. முதலில் கழுதைமேல் போனார்கள். உணவுப் பஞ்சத்தில் கழுதைகளும் உணவாகிவிட்டன. அப்புறம் சைக்கிளில் போனார்கள். குண்டு விழும் தெருவிலும் அஞ்சாமல் போனார்கள். குட்இயர் என்ற சிறுவன் அவர்களுக்குத் தலைவன். முற்றுகைக்குள் அச்சிட்ட ஒரு தபால்தலையில், சைக்கிளில் அமர்ந்த அவன் படம்தான் இருந்தது!

217 நாள் கழித்து, 1900-ம் ஆண்டு மே மாதம் முற்றுகை நீங்கியது. இங்கிலாந்தே தெருவில் இறங்கிக் கொண்டாடியது. பேடன் பவல் 43 வயதில் மேஜர் ஜெனரல் ஆனார்.

இந்தப் புகழுக்குள் ஒரு கறையும் உண்டு. முற்றுகையின்போது வெள்ளையருக்குக் கிடைத்த அளவு உணவு ஆப்பிரிக்க மக்களுக்குக் கிடைக்கவில்லை. ஊரைக் காக்க அவர்களும் போரிட்டார்கள். ஆனாலும் பட்டினியால் மடிந்தவர்களில் அவர்களே அதிகம். சரித்திர ஆசிரியர்கள் இதற்காக அவரைக் குறை கூறுகிறார்கள்.

தீவில் போட்ட கூடாரம்

போர் முடிந்து ஊர் திரும்பியவருக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. சிப்பாய்களுக்காக அவர் எழுதிய புத்தகத்தைச் சிறுவர்கள் படித்துக்கொண்டிருந்தார்கள்! ஆசிரியர்கள் அதை வைத்துப் பாடம் நடத்தினார்கள். சிறுவர்களுக்கென்றே ஒரு புத்தகம் எழுதும்படி நண்பர்கள் தூண்டினார்கள்.

சண்டைக்காகக் கற்ற வித்தையைச் சமாதானத்துக்குப் பயன்படுத்த முடியுமா? எழுதுவதற்கு முன் சோதித்துப் பார்க்க அவர் நினைத்தார்.

இங்கிலாந்தின் தென்கரையில் பூல் என்ற துறைமுகம் இருக்கிறது. அதன் நடுவே பிரவுன்சி என்று ஒரு சிறு தீவு. மரமும் நீர்நிலையும் பறவையும் நிறைந்த இடம். 1907-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அங்கே கூடாரம் அடித்தார்கள். சுமார் 20 சிறுவர்கள் வந்தார்கள்.

யார் அந்தச் சிறுவர்கள்? அங்கேதான் விசேஷம். பாதிப் பேர் சீமான் வீட்டுப் பிள்ளைகள். பெரிய பள்ளிகளில் படிப்பவர்கள். மற்றவர்கள் பக்கத்து ஊர்களின் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகள். பணக்காரப் பிள்ளைக்குக் கட்டணம் ஒரு பவுன். ஏழைப் பிள்ளைக்கு மூன்றரை ஷில்லிங். அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு! கட்டணம்தான் வேறு. சோறும் படுக்கையும் வேலையும் எல்லாருக்கும் ஒன்றே. அந்தக் காலத்து இங்கிலாந்தில் இது சாமானியக் காரியம் அல்ல.

நான்கு அணிகளாகப் பிரித்தார். ஓநாய் அணி, காளை அணி, அண்டங்காக்கை அணி, வளைந்த நீள அலகுடைய ஒரு கரைப்பறவையின் பெயரில் இன்னோர் அணி. நீலம், பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று தோளில் ஒவ்வோர் அணிக்கும் ஒரு நிற நாடா. ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனே தலைவன். பெரியவர்கள் தள்ளி நின்றார்கள்.

காலையில் ஆப்பிரிக்க மான் கொம்பை ஊதி எழுப்புவார். பிறகு பயிற்சி. முடிச்சுப் போடுவது, தீ மூட்டுவது, சமைப்பது, திசை பார்ப்பது, தடம் அறிவது, செடியையும் பறவையையும் இனம் காண்பது, அடிபட்டவருக்குக் கட்டுப் போடுவது, நீரில் விழுந்தவரைக் காப்பாற்றுவது. ஒவ்வொரு நாளும் ஒரு பாடம். எல்லாமே விளையாட்டாக நடக்கும்.

இரவில் ஓர் அணி மட்டும் தனியே போய்த் தங்க வேண்டும். மாவும் காய்கறியும் இறைச்சியும் கொடுத்து அனுப்புவார். அவர்களே சமைத்துச் சாப்பிட்டுக் காவல் போட வேண்டும். தளபதி இருட்டில் ஓசையின்றி ஊர்ந்து வருவார். காவல் தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று பார்ப்பார்!

மற்றவர்கள் தீயைச் சுற்றி உட்கார்ந்து கதை கேட்பார்கள். பாட்டுப் பாடுவார்கள்.

பாசறை முடிந்தது. எல்லாப் பையன்களும் சுகமாக வீடு திரும்பினார்கள். பணக்காரப் பையனும் ஏழைப் பையனும் தோள்மேல் கை போட்டுக்கொண்டு போனார்கள். சோதனை பலித்துவிட்டது.

நாலு பென்னிப் புத்தகம்

1908-ம் ஆண்டு ஜனவரியில் புத்தகம் வெளிவரத் தொடங்கியது. பதினைந்து நாளுக்கு ஒரு பகுதி, மொத்தம் ஆறு பகுதி. விலை நாலு பென்னி. சிறுவனும் காசு சேர்த்து வாங்கலாம்.

அதில் இந்தியாவை நினைவூட்டும் ஒரு விளையாட்டு உண்டு. கிப்ளிங் எழுதிய கிம் என்ற நாவல் லாகூரில் தொடங்குகிறது. அதிலிருந்து எடுத்தது. ஒரு தட்டில் ஊசி, பொத்தான், சாவி, காசு என்று 24 சாமான் வைக்க வேண்டும். ஒரு நிமிஷம் பார்க்கலாம். பிறகு துணியால் மூடிவிடுவார்கள். என்னென்ன இருந்தன என்று எழுத வேண்டும். வீட்டில் விளையாடிப் பாருங்கள். பெரியவர்களைவிடக் குழந்தைகளே ஜெயிப்பார்கள்!

இருக்கிற சங்கங்களுக்கு உதவும் என்று நினைத்துத்தான் அவர் எழுதினார். நடந்ததோ வேறு. சிறுவர்கள் தாங்களே கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து அணி அமைத்தார்கள். பெரியவர்களைத் தேடிப் பிடித்துத் தலைவராக இருக்கும்படி கேட்டார்கள். 1909-ல் லண்டன் கிரிஸ்டல் அரண்மனையில் சாரணர் பேரணி நடந்தபோது சுமார் 11,000 சிறுவர்கள் திரண்டுவிட்டார்கள். அழையாமலே சில சிறுமிகளும் சீருடை போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். எங்களையும் சேர்க்க வேண்டும் என்றார்கள்! 1910-ல் சாரணியர் இயக்கம் பிறந்தது. அவருடைய சகோதரி ஆக்னஸ் அதை நடத்த உதவினார்.

அதே ஆண்டு பேடன் பவல் ராணுவத்தை விட்டு விலகினார். இனிச் சாரணரே வாழ்க்கை என்று முடிவு செய்தார்.

1912-ல் ஒரு கப்பல் பயணத்தில் ஓலேவ் என்ற பெண்மணியைச் சந்தித்தார். அவருக்கு வயது 55 நெருங்கியது; பெண்ணுக்கு 23 நெருங்கியது. இருவரும் பிறந்தது ஒரே தேதி, பிப்ரவரி 22! அந்த ஆண்டே திருமணம் நடந்தது. மூன்று குழந்தைகள் பிறந்தார்கள். பிற்காலத்தில் ஓலேவ் சீமாட்டி சாரணியர் இயக்கத்தின் தலைவியாக உலகம் சுற்றினார்.

சென்னையில் நடந்த சமரசம்

இந்தியாவில் சாரணர் படை 1909-ல் பெங்களூரில் தொடங்கியது. ஆனால் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கும்தான் அதில் இடம். இந்தியச் சிறுவன் வேலிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டியதுதான்! இந்திய மண்ணில் கற்ற வித்தை இந்தியப் பிள்ளைக்கு இல்லை என்றால் எப்படி?

இதைப் பொறுக்காதவர்களில் அன்னி பெசன்ட் அம்மையார் ஒருவர். முதல் உலகப் போர்க் காலத்தில், அருண்டேலின் துணையோடு சென்னையில் இந்தியச் சிறுவர் சாரணர் சங்கத்தை அவர் ஏற்படுத்தினார். அந்தப் பிள்ளைகள் தொப்பிக்குப் பதில் தலைப்பாகை கட்டினார்கள். நம் நாட்டுப் பாடல்களைப் பாடினார்கள். வடக்கே மதன் மோகன மாளவியாவும் குன்ஸ்ருவும் வேறொரு சாரணர் சங்கத்தை நடத்தினார்கள்.

1921-ல் பேடன் பவல் இந்தியாவுக்கு வந்தார். சங்கங்களை ஒன்றாக்கப் பேசினார். பெசன்ட் அம்மையாரின் சங்கம் அவருடைய சங்கத்தோடு இணைந்தது. கதவு திறந்தது. இந்தியப் பிள்ளைகளும் உலகச் சாரணர் குடும்பத்தில் சேர்ந்தார்கள். மாளவியாவின் சங்கம் மட்டும் சேராமல் தனியே நின்றது.

கதை இத்துடன் முடியவில்லை. 1937-ல் டில்லியில் நடந்த அகில இந்தியப் பேரணிக்கு அவர் மீண்டும் வந்தார். அதையடுத்து இந்தியரின் குணத்தைத் தாழ்த்தி அவர் சொன்ன கருத்து வெளியாயிற்று. நாடெங்கும் கொதிப்பு உண்டாயிற்று. பலர் விலகினார்கள். 1938-ல் இந்துஸ்தான் சாரணர் சங்கம் தோன்றியது. சாதி மத பேதமின்றி எல்லாரும் சகோதரர் என்று சாரணருக்குச் சட்டம் எழுதியவரே அந்த இடத்தில் சறுக்கிவிட்டார். சுதந்திரம் வந்த பிறகு, 1950-ம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி சாரணர் சங்கங்கள் ஒன்றாகிப் பாரத சாரணர் இயக்கம் உருவாயிற்று. அடுத்த ஆண்டு சாரணியரும் அதில் சேர்ந்தார்கள்.

ஏரிக்கரையில் அதே பாடம்

கூலி வாங்காமல் பொதுக்காரியம் செய்வதும், நீர்நிலையைக் கண்போல் காப்பதும் நம் நாட்டுக்குப் புதிதல்ல. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர்க் கோவில் சுவரைப் பார்த்தால் தெரியும். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஊர் மக்கள் குடவோலை முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுத்த விவரம் அதில் உண்டு. அவர்களில் ஒரு குழுவுக்கு ஏரி வாரியம் என்று பெயர். ஏரியைக் கவனிப்பதே அதன் வேலை. 360 நாள் ஆனதும் அவர்கள் விலகிவிட வேண்டும்.

அங்கிருந்து சற்றுத் தூரத்தில் வேடந்தாங்கல் ஏரி இருக்கிறது. பறவைகள் கூடு கட்டும் மரங்களை ஊரார் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகிறார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். தீபாவளிக்கும் அங்கே வெடிச் சத்தம் இல்லை.

பேடன் பவல் பிரவுன்சித் தீவில் சொல்லிக்கொடுத்ததும் இதே பாடம்தான். பார், தெரிந்துகொள், காப்பாற்று! இன்று ஏரிக்கரையில் பிள்ளைகளைக் கூட்டிக் கூடாரம் அடித்து, பறவையைக் காட்டி, சுள்ளி பொறுக்கித் தீ மூட்டக் கற்றுக்கொடுக்கும் தொண்டர் எவரும் அவர் வழியில் நடப்பவரே. கூடாரத்தைப் பிரித்த பிறகு அந்த இடத்தில் ஒரு காகிதத்துண்டுகூடக் கிடக்கக்கூடாது. அடுப்புக் குழியை மூடி, பெயர்த்த புல்லை மறுபடி பதித்துவிட வேண்டும். இது சாரணர் பாசறையின் பழைய சட்டம்.

கேட்ட பரிசு

தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுக்க, லண்டன் அருகே கில்வெல் என்ற தோப்பில் 1919-ல் ஒரு பாசறை திறந்தார்கள். 1920-ல் லண்டனில் நடந்த முதல் உலகப் பேரணிக்கு 34 நாடுகளின் சாரணர்கள் வந்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டிருந்த உலகம்! அங்கே பேடன் பவலை உலகத் தலைமைச் சாரணர் என்று பிள்ளைகள் ஆரவாரத்துடன் அறிவித்தார்கள்.

1929-ல் அவருக்குப் பிரபு பட்டம் கிடைத்தது. சாரணர்கள் ஆளுக்கு ஒரு பென்னி போட்டு ஒரு பரிசு தர விரும்பினார்கள். என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியாமல் விசாரித்தார்கள். கால்சட்டையைத் தாங்கும் தோள்வார் பழசாகிவிட்டது, அது ஒன்று வேண்டும் என்றாராம்! தோள்வாரும் கொடுத்தார்கள். அதோடு ஒரு மோட்டார் காரும் கொடுத்தார்கள்.

1938-ல் மனைவியுடன் ஆப்பிரிக்காவின் கென்யாவுக்குப் போய்த் தங்கினார். நியேரி என்ற ஊரில் சிறிய வீடு. எதிரே கென்யா மலை. காட்டு மிருகங்களைச் சுடவில்லை, வண்ணத்தில் தீட்டினார். 1941-ம் ஆண்டு ஜனவரி 8-ந் தேதி காலமானார். வயது 83.

நியேரியில் அவருடைய கல்லறை இருக்கிறது. கல்லில் ஒரு வட்டம், அதன் நடுவே ஒரு புள்ளி. காட்டுவழியில் முன்னே போகும் சாரணன் பின்னே வருபவர்களுக்காக மண்ணில் போட்டு வைக்கும் அடையாளம் அது. நான் வீட்டுக்குப் போய்விட்டேன் என்பது அதன் பொருள்.